துடுக்கும் மரபணுவும்

ஒரே உலைச்சோறு உண்டு வளரும் பிள்ளைகளில் ஒருவர் துடுக்காகவும் மற்றவர் அடக்கமாகவும் இருப்பதைப் 'பிறவிக் குணம்' என்று ஊர் சொல்லி முடித்துவிடுகிறது. அந்தக் குணத்தில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதை அறிவியல் அளந்து பார்க்க முயல்கிறது.

நரம்பணுக்கள் தமக்குள் செய்தி கடத்தும் வேதிப்பொருள்களுள் ஒன்றான டோபமைன், புதியதை நாடும் ஆவலோடும் பலனை எதிர்நோக்கும் ஊக்கத்தோடும் தொடர்புடையது. அது நரம்பணுவின் மேற்பரப்பிலுள்ள 'ஏற்பி' என்னும் புரதத்தில், பூட்டில் சாவி பொருந்துவதுபோலப் பொருந்தினால்தான் செயல்படும். டோபமைன் ஏற்பிகள் ஐந்து வகைப்படும். நான்காம் வகையை உருவாக்கும் டிஆர்டி4 மரபணுவில், 48 டிஎன்ஏ எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு, ஆளுக்கு ஆள் 2 முதல் 11 முறை வரை அடுத்தடுத்து வருகிறது. தேனி வட்டாரத்து மயிலாடும்பாறையில் மூல வைகை ஆறு பெருகும் நாளில், கரையில் நிற்கும் இரு சிறுவருள் ஒருவன் உடனே பாய்வான். மற்றவன் கணுக்காலை நனைத்து ஆழம் பார்ப்பான். முதலாமவனிடம் காணும் இத்தகைய 'புதுமை நாட்டம்', அந்தத் துண்டு கூடுதல் முறை வருபவர்களிடம் மிகுதி என 1996இல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் வெளிவந்த ஆய்வுகள் கூறின. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது அத்தொடர்பு உறுதிப்படவில்லை.

வளர்ப்பையும் சேர்த்துப் பார்த்தபோது சித்திரம் மாறியது. நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக அறிஞர்கள் 2006இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், துண்டு 7 முறை வரும் குழந்தைகள், தாயின் கவனிப்பு குறைந்த இடத்தில் மிகுந்த முரட்டுத்தனமும், கவனிப்பு நிறைந்த இடத்தில் மிகக் குறைந்த முரட்டுத்தனமும் காட்டினர்.

ஆக, மரபணு மட்டுமே குணத்தைத் தீர்மானிப்பதில்லை. ஆனால், பிறப்பே குணம் எனக் கொண்டு ஒரு சமூகத்தையே தண்டித்த வரலாறு மதுரை, தேனி வட்டாரத்துக்கு உண்டு. 1871இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பழங்குடிகள் சட்டம் பின்னர் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தபோது, இவ்வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்கள் அச்சமூகத்தில் பிறந்த ஒரே காரணத்துக்காகக் கைரேகை பதியப் பணிக்கப்பட்டனர். அதை எதிர்த்த மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுடப்பட்டு மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீங்கியது. இன்று மரபணுச் சோதனைத் தாளைக் காட்டி ஒரு பிள்ளையின் குணத்துக்கு முத்திரை குத்துபவரும் அதே பிழையையே செய்கிறார். துடுக்கான பிள்ளைக்கு ஓடியாட மைதானமும் பொறுமையுள்ள ஆசிரியரும் வாய்க்கச் செய்வது பெரியவர்களின் கடமை.