கூலி என்னும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன், ஆங்கில அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "ஐயா, 'கூலி' என்பது ஆங்கிலச் சொல்லா? நம்மை இகழ்வதற்கென்றே ஆக்கியதா?" என வினவினான். டிக்கோயாத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன் அவன். அவனுக்கு அன்று நான் கூறிய விடையின் விரிவே இக்கட்டுரை.

தமிழில் 'கூலி' என்பது உழைப்பிற்குப் பெறும் ஊதியம். ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், வள்ளுவர் இச்சொல்லை ஆண்டுள்ளார். முயற்சி உடல் வருந்தியதற்கேற்ற பயனைத் தரும் என்பது ஆண்டுப் பெறப்படும் கருத்து. 'கூலம்' எனின் தானியம். முற்காலத்து ஊதியம் தானியமாக அளக்கப்பட்டமையின் கூலத்தினின்று கூலி பிறந்தது எனச் சிலர் கருதுவர்.

ஆங்கிலச் சொல்லின் மூலம் பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதியில் யூல், பர்னல் என்போர் குசராத்துப் பகுதியின் 'கோலி' இனப்பெயரை முதன்மையாகக் கொண்டு, தமிழ்க் 'கூலி'யையும் உடன் சுட்டினர். அடிமையைக் குறிக்கும் துருக்கிச் சொல்லொன்றைக் காட்டுவாரும் உளர். மேல்கரையில் போர்த்துக்கேயர் கேட்ட இனப்பெயரும் தென்னாட்டு ஊதியப் பெயரும் ஒன்றிற்று என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. சீனத்தில் 'கசந்த உழைப்பு' எனப் பொருள்பட எழுதப்படுவது, இச்சொல்லைக் கேட்டு அவர்தம் எழுத்தில் அமைத்துக்கொண்ட வடிவமேயாகும்.

நிற்க. ஈண்டு நாம் நோக்கத்தக்கது பொருள் மாற்றம். தமிழில் கூலி வேறு, கூலியாள் வேறு. ஆங்கிலத்திலோ ஊதியத்தின் பெயரே ஆளின் பெயராயிற்று, ஆள் மறைந்தான். பின்னர் அது தொழிலையும் விட்டு இனத்தைச் சுட்டும் வசையாயிற்று. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள், கற்றவராயிருந்தும் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டதைச் 'சத்திய சோதனை'யில் குறித்துள்ளார்.

இலங்கைச் சட்டங்களிலும் இம்மாற்றத்தைக் காணலாம். 1889ஆம் ஆண்டுச் சட்டம் 'இந்தியக் கூலிகள்' என்றது. குறைந்தபட்ச ஊதியத்தை வகுத்த 1927ஆம் ஆண்டுச் சட்டமோ 'இந்தியத் தொழிலாளர்' என்றது. கூலிக்கு ஒரு வரையறை வந்த இடத்தில், ஆளுக்கும் மதிப்புடைய பெயர் வந்தது.

ஆங்கிலத்திற்குக் கூலியையும் கங்காணியையும் அளித்த நாம், 'லைன்' என்பதை லயமாக ஏற்றுக்கொண்டோம். தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலை 'பேர்' எனப்படும். குறித்த அளவு கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. அங்கும் கூலியும் பெயரும் ஒன்றோடொன்று பிணைந்திருத்தல் காண்க.

மொரீசியசுக் கவிஞர் கால் தொராபுள்ளி 1992இல் இவ்வசைச்சொல்லினின்றே 'கூலிட்யூட்' என்னும் புதுச்சொல்லை ஆக்கி, கடல் கடந்த உழைப்பாளர் வரலாற்றைப் பெருமையுடன் பேச முற்பட்டார்.

அம்மாணவனுக்கு நான் கூறியது இதுவே: சொல் இழிந்ததன்று, ஊதியத்தைக் கண்டு ஆளைக் காணாத கண்ணே இழிந்தது. அவன் அகராதியை மூடாமல், அச்சொல்லின் அருகே பென்சிலால் 'ஊதியம்' என்று எழுதி வைத்தான்.