தூத்துக்குடி–கொழும்பு கப்பல் போட்டியும் நிறுவன ஒருங்கிணைப்பும்

தூத்துக்குடி–கொழும்பு கப்பல் போட்டி என்பது 1906 முதல் 1911 வரை சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கும் இடையே நடந்த வணிகப் போட்டியாகும். இது பெரும்பாலும் விடுதலைப் போராட்ட வரலாற்றின் ஒரு பகுதியாகவே அறியப்படுகிறது. ஒரு பெரிய நிறுவனம் சிறிய போட்டியாளரை எந்தெந்த வழிகளில் சந்தையிலிருந்து அகற்றுகிறது என்பதற்கும் இது ஒரு தெளிவான எடுத்துக்காட்டாகும். செலவுக்கும் கீழான கட்டணம், விலைக்கு வாங்கும் முயற்சி, அரசின் சார்பு, வீழ்ந்தவரின் சொத்து கைமாறுதல் ஆகிய நான்கும் இதில் காணப்படுகின்றன. நூறாண்டுகளுக்குப் பின் இந்தியத் தொலைத்தொடர்புத் துறையில் எழுந்த கேள்விகளைப் புரிந்துகொள்ளவும் இப்போட்டி உதவுகிறது.

அடிப்படைச் சொற்கள்

ஒரு நிறுவனம் மற்றொன்றின் பங்குகளையோ சொத்துகளையோ வாங்கி அதைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவருவது கையகப்படுத்தல் எனப்படும். இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகக் கலப்பது இணைப்பு ஆகும். இவற்றாலும், போட்டியாளர்கள் நொடித்துப் போவதாலும், ஒரு துறையில் நிறுவனங்களின் எண்ணிக்கை குறைந்து சந்தை சிலர் கையில் சேர்வது ஒருங்கிணைப்பு எனப்படுகிறது. போட்டியாளரை வெளியேற்றும் நோக்கத்துடன் செலவைவிடக் குறைந்த விலையில் விற்பதைப் பொருளியலார் கொள்ளை விலையிடல் என்பர். போட்டியாளர் விலகியபின் விலையை உயர்த்தி இழப்பை ஈடுசெய்யலாம் என்பதே அதன் கணக்கு.

பின்னணி

தூத்துக்குடி முத்துக்குளிப்புக்கும் சங்குகுளிப்புக்கும் பெயர்பெற்ற துறைமுகம். 1876இல் தென்னிந்திய ரயில்வே இங்கு வந்தபின் இலங்கைக்குச் செல்லும் முதன்மை வழியாக இது மாறியது. சென்னையிலிருந்து ரயிலில் வருவோர் இங்கே நீராவிக் கப்பலில் ஏறிக் கொழும்பு சென்றனர். இதனால் அந்த ரயில் ‘போட் மெயில்’ என்று அழைக்கப்பட்டது. தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களும் கொழும்பில் கடை வைத்திருந்த வணிகர்களும் இவ்வழியையே நம்பியிருந்தனர். கரையோரம் ஆழம் குறைவு என்பதால் கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட்டன. ஆட்களும் சரக்கும் தோணிகளில் கொண்டு செல்லப்பட்டனர்.

இவ்வழியில் நீராவிக் கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. வில்லியம் மக்கினன் 1856இல் தொடங்கிய இந்நிறுவனம் 1862 முதல் இப்பெயரில் இயங்கியது. அரசின் தபால் ஒப்பந்தங்களின் துணையுடன் வளர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களை வைத்திருந்தது. தூத்துக்குடியில் இதன் முகவர்கள் ஏ. அண்ட் எஃப். ஹார்வி நிறுவனத்தார். அதே ஹார்விகள் நடத்தியதே தூத்துக்குடி கோரல் நூற்பாலை. ஊரின் பெரிய ஆலையும் கொழும்புக் கப்பல் வழியும் இவ்வாறு ஒரே வணிக வட்டத்தில் இருந்தன.

அக்காலக் கப்பல் துறையில் ‘கான்ஃபரன்ஸ்’ என்னும் கூட்டு ஏற்பாடும் பரவியிருந்தது. பெரிய கப்பல் நிறுவனங்கள் தமக்குள் கட்டணத்தை முடிவு செய்துகொள்வதே இதன் அடிப்படை. 1875இல் பிரிட்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையிலான வழிக்கு முதன்முதலில் இது உருவானது. கூட்டின் கப்பல்களில் மட்டுமே சரக்கு ஏற்றிய வணிகருக்குச் சில மாதங்கள் கழித்துக் கட்டணத்தில் ஒரு பகுதி திருப்பித் தரப்பட்டது. இடையில் வேறு கப்பலில் ஒருமுறை ஏற்றினாலும் அத்தொகை முழுவதும் கிடைக்காமல் போகும். புதிய நிறுவனம் குறைந்த கட்டணம் கேட்டாலும் வணிகர் மாறத் தயங்கியதற்கு இது ஒரு காரணம்.

சுதேசி கம்பெனியின் தோற்றம்

தூத்துக்குடி வழக்கறிஞர் வ. உ. சிதம்பரம் பிள்ளை முன்னின்று தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவு செய்யப்பட்டது. இதன் முதலீடு 10 லட்சம் ரூபாய். அது 25 ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இதன் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். சிறு வணிகர்களும் நடுத்தர வகுப்பினரும் பங்கு வாங்கினர்.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடமிருந்து கப்பல்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. பிரிட்டிஷ் நிறுவனத்தின் அழுத்தத்தால் அந்த ஏற்பாடு முறிந்தது. வ.உ.சி. கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு எடுத்துப் போக்குவரத்தைத் தொடர்ந்தார். பின்னர் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரண்டு நீராவிக் கப்பல்கள் வாங்கப்பட்டு 1907இல் தூத்துக்குடிக்கு வந்தன.

வாடகைக் கப்பல் நின்றுபோனது ஒரு முக்கியமான பாடம். புதிய நிறுவனம் தன் தொழிலுக்கு இன்றியமையாத கருவியைப் பிறரிடம் வாடகைக்குப் பெறும்வரை, அந்தப் பிறரை வளைத்தே அதை நிறுத்திவிட முடியும். சொந்தக் கப்பல் வாங்கியபின் இந்த ஆபத்து நீங்கியது. ஆனால் முதலீட்டின் பெரும்பகுதி கப்பலில் முடங்கியதால் இழப்பைத் தாங்கும் கையிருப்பு குறைந்தது.

கட்டணப் போர்

சுதேசிக் கப்பலில் ஏறுவதை மக்கள் கடமையாகக் கருதியதால் பிரிட்டிஷ் நிறுவனத்தின் பயணிகள் எண்ணிக்கை சரிந்தது. அந்நிறுவனம் கொழும்புக் கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசி கம்பெனி 8 அணாவாகக் குறைத்தது. அதன்பின் பிரிட்டிஷ் நிறுவனம் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும், ஏறுவோருக்குக் குடை கொடுக்கவும் முன்வந்ததாக வ.உ.சி.யின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். சுதேசி கம்பெனியை விலைக்கு வாங்கும் முயற்சியும் நடந்தது. வ.உ.சி. அதற்கு இணங்கவில்லை.

இப்போரில் இரு தரப்பின் நிலையும் சமமானதல்ல. பிரிட்டிஷ் நிறுவனத்துக்குக் கொழும்பு வழி பல வழிகளுள் ஒன்று. இங்கு ஏற்பட்ட இழப்பை பர்மா, வங்காளம், கிழக்கு ஆப்பிரிக்கா முதலிய வழிகளின் வருவாயால் ஈடுகட்ட முடிந்தது. சுதேசி கம்பெனிக்கு இதுவே வாழ்வாதாரம். நிலக்கரி, மாலுமிகள் சம்பளம், பழுதுபார்ப்பு ஆகிய செலவுகள் கப்பலில் எத்தனை பேர் ஏறினாலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். 8 அணாக் கட்டணத்தில் கப்பல் நிறைந்து போனாலும் அச்செலவுகளைத் தாங்குவது கடினம். கொள்ளை விலையிடலில் வெல்வது பெரும்பாலும் திறமையால் அல்ல, பண இருப்பின் ஆழத்தால்தான்.

பயணிகளுக்கு அப்போதைக்கு இது ஆதாயமாகவே தெரிந்தது. ஒரு ரூபாய்க்கும் குறைவாகக் கொழும்பு போக முடிந்தது. ஆயினும் அந்த மலிவு போட்டி உள்ளவரைதான் நீடிக்கக்கூடியது. கட்டணப் போரை மதிப்பிடும்போது இன்றைய விலையுடன், போட்டியாளர் போனபின் யார் விலையை முடிவு செய்வார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது.

அரசின் தலையீடும் கம்பெனியின் முடிவும்

1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அதற்குத் துணைநின்றனர். சில நாட்களில் தொழிலாளரின் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. அதே ஆண்டு மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கிளர்ச்சியில் காவல்துறை சுட்டதில் நால்வர் இறந்தனர். ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. அவர் 1912 டிசம்பரில் விடுதலையானார்.

கம்பெனியை நடத்தியவர் சிறையில் இருந்த காலத்தில் அதன் நிலை சீர்குலைந்தது. பணம் போட்டவர்களிடையே அச்சம் பரவியது. அரசியலிலிருந்து ஒதுங்கியிருக்க விரும்பியோரும் நிர்வாகத்தில் இருந்தனர். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அதன் காலியா கப்பல் எதிரி நிறுவனத்திடமே விற்கப்பட்டது என்று வ.உ.சி. குறித்த நூல்கள் பதிவு செய்கின்றன. நடப்பில் இருந்தபோது விலைக்குக் கிடைக்காத சொத்து கலைப்பின்போது கைமாறியது.

வென்ற நிறுவனத்தின் பின்வரலாறு

போட்டியில் வென்ற பிரிட்டிஷ் இந்தியா நிறுவனமும் நெடுங்காலம் தனித்து நிற்கவில்லை. 1914இல் அது பி அண்ட் ஓ நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. இரண்டு நிறுவனங்களில் கப்பல் எண்ணிக்கையில் பெரியது பிரிட்டிஷ் இந்தியா. இணைந்த குழுமத்துக்கு அதன் தலைவராக இருந்த இஞ்ச்கேப் பிரபு தலைமையேற்றார். அடுத்த சில ஆண்டுகளில் இக்குழுமம் மேலும் பல கப்பல் நிறுவனங்களை வாங்கியது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியாவின் கப்பல்கள் பி அண்ட் ஓவின் பிரிவுகளுக்கு மாற்றப்பட்டன. 2006இல் துபாயின் டிபி வேர்ல்டு நிறுவனம் ஏறத்தாழ 390 கோடி பவுண்டுக்கு பி அண்ட் ஓவையே வாங்கியது.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி தொடங்கியதால், ‘போட் மெயில்’ தூத்துக்குடியை விட்டு விலகியது. இருவரும் போராடிய வழியின் மதிப்பே அத்துடன் குறைந்தது.

சிந்தியா கம்பெனியுடன் ஒப்பீடு

1919இல் வால்சந்த் ஹிராசந்த், நரோத்தம் மொரார்ஜி முதலியோர் பம்பாயில் சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினர். அதன் ‘லாயல்டி’ கப்பல் 1919 ஏப்ரல் 5 அன்று லண்டனுக்குப் புறப்பட்ட நாளே இன்று தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடப்படுகிறது. இஞ்ச்கேப் பிரபுவின் குழுமம் இதன்மீதும் கட்டணப் போர் தொடுத்தது, விலைக்கு வாங்கவும் முயன்றது. சிந்தியா விற்க மறுத்தது. ஆனால் 1923இல், தன் கப்பல் அளவையும் வழிகளையும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட நேர்ந்தது.

சிந்தியாவுக்குப் பம்பாய் ஆலை முதலாளிகளின் பணமும், போரைப் பேச்சுவார்த்தையில் முடிக்கும் வாய்ப்பும் இருந்தன. சுதேசி கம்பெனிக்கு இரண்டும் இல்லை. இந்தியக் கடற்கரைப் போக்குவரத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்க வேண்டும் என்று 1928இல் சாராபாய் நேம்சந்த் ஹாஜி மத்திய சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

தொலைத்தொடர்புத் துறையுடன் ஒப்பீடு

2016 செப்டம்பர் 5 அன்று ரிலையன்ஸ் ஜியோ இலவச அழைப்புகளுடனும் இலவச இணையத்துடனும் சேவையைத் தொடங்கியது. 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கிப் பின்னர் மலேசியாவின் மேக்சிஸ் வசமான ஏர்செல், 2018 பிப்ரவரியில் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. தமிழ்நாட்டில் பெருமளவு வாடிக்கையாளரைக் கொண்டிருந்த அந்நிறுவனத்தின் சேவை திடீரென முடங்கியதால், பலர் எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்கு மாற அலைந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன. டெலினார், டாடா ஆகியவற்றின் செல்பேசிச் சேவைகள் ஏர்டெல்லுடன் சேர்ந்தன. தனியார் துறையில் மூன்று பெரிய நிறுவனங்களே எஞ்சின.

இரண்டு நிகழ்வுகளுக்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. 1907இல் இலவசப் பயணம் கொடுத்தது ஏற்கெனவே சந்தையை ஆண்ட நிறுவனம். 2016இல் இலவச சேவை கொடுத்தது புதிதாக நுழைந்த நிறுவனம். ஏர்செல்லின் வீழ்ச்சிக்குக் கட்டணச் சரிவுடன் அதன் கடன் சுமையும், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடனான இணைப்புத் திட்டம் 2017இல் கைவிடப்பட்டதும் காரணங்களாயின. இரண்டிலும் பொதுவாக இருப்பது, வேறு தொழில்களின் வருவாயோ பெரும் முதலீடோ பின்னால் இருந்த நிறுவனமே நீண்ட இழப்பைத் தாங்கியது என்பதாகும்.

சட்ட நிலை

சுதேசி கம்பெனியின் காலத்தில் கொள்ளை விலையிடலைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. இன்று போட்டிச் சட்டம், 2002இன் 4ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. ஆனால் சந்தையில் ஆதிக்க நிலையில் உள்ள நிறுவனத்துக்கே இத்தடை பொருந்தும். ஜியோவுக்கு எதிராக ஏர்டெல் கொடுத்த புகாரை இந்தியப் போட்டி ஆணையம் 2017 ஜூனில் தள்ளுபடி செய்தது. ஜியோ அப்போது ஆதிக்க நிலையில் இல்லை என்பது அதன் காரணம். இந்த அளவுகோலை 1907ஆம் ஆண்டின் தூத்துக்குடிக்குப் பொருத்தினால், பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் இலவசப் பயணம் விசாரணைக்கு உரியதாகியிருக்கும். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கையகப்படுத்தல்களும் இணைப்புகளும் ஆணையத்தின் முன் ஒப்புதல் பெற வேண்டும் என்னும் விதி 2011 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது.

இன்றைய நிலை

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011இல் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் என்று பெயரிடப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் கொழும்புக்குப் பயணிகள் கப்பல் மீண்டும் விடப்பட்டது. ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்னும் அக்கப்பல் சில மாதங்களிலேயே நிறுத்தப்பட்டது.