மரத்துல அண்டூ பட்டன் கிடையாது!

ரவுட்டர் என்றதும் ஹாஸ்டல் சுவரில் பச்சை லைட் மினுக்கிக்கொண்டிருக்கும் நெட் டப்பாதானே ஞாபகத்துக்கு வருகிறது? ஸாரி பாஸ், இது வேற ரவுட்டர். கையில் பிடித்தால் கிர்ர்ர்ரென்று கத்தும், மரத்தூளைத் தலைமுடி வரைக்கும் அப்பும், நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கும் மேலே சுற்றும். ஆசாரிகள் கதவில் டிசைன் போடுவதும், பலகை ஓரத்தை வளைவாக்குவதும் இதை வைத்துத்தான்.

இந்த மெஷினை வைத்து, ஒரு பொருளுக்கென்றே அளவெடுத்த மரப்பெட்டி செய்யலாம். பேனா, கிளாரினெட்டின் ஊதுமுனை, தாத்தாவின் கைக்கடிகாரம் என எதுவாக இருந்தாலும் சரி. மூடியைத் திறந்தால், அந்தப் பொருளின் உருவத்திலேயே குடைந்த பள்ளத்தில் அது கச்சிதமாகப் படுத்திருக்கும். கடையில் பணம் கொடுத்தால் பெட்டி கிடைக்கும். ஆனால், 'உனக்காக மட்டும்' என்று சொல்லும் பெட்டி கிடைக்காது.

நாங்கள் செய்தது ஒரு வெர்னியர் காலிப்பருக்கு. ஏன் என்கிறீர்களா? அது ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்!

ஷீல்டு வேண்டாம், சால்வை வேண்டாம்!

ஃபைனல் இயர் மெக்கானிக்கல். எங்கள் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ரிட்டயர் ஆகப் போகிறார் என்று தெரிந்தது. முதல் வருஷம் கார்பென்டரியில் டி-ஜாயின்ட் செய்யத் தெரியாமல் நாங்கள் முழித்தபோது, உளியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். யாராவது கோட்டைத் தாண்டி அறுத்துவிட்டால் திட்டமாட்டார். "கம்ப்யூட்டர்ல தப்பு பண்ணா அண்டூ இருக்கு. மரத்துல அண்டூ பட்டன் கிடையாதுப்பா" என்பார், அவ்வளவுதான்.

வழக்கம்போல ஷீல்டு, சால்வை என்று பேச்சு ஓடியது. அப்போது ஒருத்தி கேட்டாள்: "சார் வெர்னியரை எதுல சுத்தி வெச்சிருக்கார்னு பார்த்திருக்கீங்களா?"

பார்த்திருந்தோம். மஞ்சள் துணியில். முதல் சம்பளத்தில் சொந்தமாக வாங்கிய வெர்னியர் அது. அதோடு வந்த டப்பா எப்போதோ உடைந்துவிட்டது. அன்றைக்கே முடிவாகிவிட்டது. கையில் இருந்ததோ பழைய கதவு, ஜன்னல் விற்கிற கடையில் வாங்கிய ஒரே ஒரு தேக்குப் பலகைதான். 20 மி.மீ. தடிமன். அடிப்பலகைக்கும் மூடிக்கும் சரியாக இருந்தது. இன்னொரு பலகை வாங்கக் காசும் இல்லை, நாளும் இல்லை. சொதப்பினால் மறுபடி சால்வைதான்!

ஜெராக்ஸ் கடையில் வெர்னியர்

முதல் வேலை, பொருளின் உருவத்தை எடுப்பது. பென்சிலால் சுற்றி வரையலாம்தான். ஆனால் பென்சில் சாய்ந்தால் கோடும் சாயும். எங்கள் ஐடியா வேறு. "ப்ராஜெக்டுக்கு ஒரு ரீடிங் எடுக்கணும் சார்" என்று வெர்னியரை அரை மணி நேரம் கடன் வாங்கி, நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டோம். கண்ணாடியில் கீறல் விழாமல் ஒரு ஓ.ஹெச்.பி. ஷீட்டைப் போட்டு, அதன்மேல் வெர்னியரைப் படுக்க வைத்து ஒரு காப்பி. கடைக்காரர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. ஜெராக்ஸ் மெஷின் நூறு சதவீதம் என்று சொன்னாலும் அளவு லேசாகக் கூடக் குறைய வரலாம். கையோடு ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் பக்கத்தில் வைத்து காப்பி எடுத்தால், தாளில் விழுந்த ஸ்கேலை நிஜ ஸ்கேலோடு ஒப்பிட்டு உடனே கண்டுபிடித்துவிடலாம்.

இனி தடிமன். அங்கேதான் காமெடி. எதையும் அளக்கிற வெர்னியரால் தன்னை மட்டும் அளந்துகொள்ள முடியாதே! லேபிலிருந்து இன்னொரு வெர்னியர் கொண்டுவந்து அளந்தோம்.

அப்புறம், பொருளின் ஒவ்வொரு வளைவு நெளிவையும் அப்படியே குடைய நினைக்காதீர்கள். ஸ்க்ரூ தலை, சின்னச் சின்ன மேடுகளை எல்லாம் சேர்த்து வழுக்கலான ஒரே கோடாக வரையுங்கள். சுற்றிலும் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள். மரம் மழைக்காலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதுவும் நாரின் குறுக்கேதான் அதிகம். இன்றைக்கு டைட்டாக உட்கார்ந்தால், நாளைக்கு வெளியே வராமல் அடம்பிடிக்கும். உள்ளே வெல்வெட் ஒட்டுகிற ஐடியா இருந்தால் துணியின் தடிமனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டெம்ப்ளேட் என்கிற தோழன்

ரவுட்டரை வெறும் கையால் கோட்டின் மேலே ஓட்ட முடியாது. மரத்தின் நார் இழுக்கிற பக்கமெல்லாம் ஓடிவிடும். அதற்குத்தான் டெம்ப்ளேட். எம்.டி.எஃப். பலகையில் தேவையான வடிவத்தில் ஒரு ஓட்டை. அதை மரத்தின்மேல் அசையாமல் பொருத்திவிட்டு, ஓட்டையின் ஓரத்தை உரசியபடி ரவுட்டரைச் சுற்றி வரவேண்டும்.

உரசுவது எது? ரவுட்டரின் அடித்தட்டில் மாட்டுகிற ஒரு சின்னக் குழாய். கைடு புஷ் என்று பெயர். அதன் நடுவே பிட் கீழே இறங்கும். புஷ் டெம்ப்ளேட்டைத் தொடும், பிட் தொடாது. இந்த இடத்தில்தான் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். நாங்களும் விழுந்தோம்.

எங்கள் புஷ்ஷின் வெளி விட்டம் 16 மி.மீ. பிட்டின் விட்டம் 6 மி.மீ. கழித்தால் 10. பாதி 5. அதாவது டெம்ப்ளேட் ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளித்தான் பிட் வெட்டும். அதனால் டெம்ப்ளேட் ஓட்டை, வேண்டிய பள்ளத்தைவிடச் சுற்றிலும் 5 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். கணக்கு எட்டாங்கிளாஸ்தான். ஆனால், நான்கு வருஷம் இன்ஜினீயரிங் படித்த ஐந்து பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. பள்ளம் எந்த அளவோ, அதே அளவில் டெம்ப்ளேட்டை அறுத்துவிட்டோம்!

காப்பாற்றியது காலேஜ் பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருந்த ஆசாரி. ரவுட்டர் அவருடையது. தருவதற்கு ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "தம்பி, தேக்குல கை வைக்கிறதுக்கு முன்னாடி பேக்கிங் பலகைல ஒண்ணு போட்டுக் காட்டுங்க."

போட்டுக் காட்டினோம். வெர்னியரின் தண்டுக்கு 17 மி.மீ. அகலம் வேண்டிய இடத்தில் 7 மி.மீ. பள்ளம் வந்து நின்றது. அவர் பள்ளத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "இது வெர்னியருக்கா, பென்சிலுக்கா?"

அந்தக் குப்பைப் பலகை மட்டும் இல்லையென்றால் தேக்கு காலி. டெம்ப்ளேட்டின் ரகசியமே இதுதான் ஃப்ரெண்ட்ஸ். அது வேலையை சுலபமாக்குகிற சமாச்சாரம் மட்டுமில்லை. செய்ய வேண்டிய தப்பையெல்லாம் மலிவான பலகையில் செய்து முடித்துவிடச் சொல்கிற சமாச்சாரம். எம்.டி.எஃப்.பில் கோடு தாண்டினால் இன்னொரு துண்டு எடுத்துக்கொள்ளலாம். தேக்கில் தாண்டினால்?

வாஷர் வித்தை

அந்த 5 மி.மீ.யைச் சுற்றிலும் எப்படிக் கூட்டுவது? ஆசாரி சொல்லிக்கொடுத்த வித்தை. முதலில் பள்ளத்தின் அளவில் ஓர் அட்டையை வெட்டி எம்.டி.எஃப். மேல் ஒட்டுங்கள். வெளி விளிம்பிலிருந்து ஓட்டை வரை சரியாக 5 மி.மீ. இருக்கிற ஒரு வாஷரைத் தேடிப் பிடியுங்கள். ஓட்டைக்குள் கூர்மையான பென்சில் முனையை வைத்து, வாஷரை அட்டையின் ஓரத்தோடு உருட்டிக்கொண்டே போங்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், சுற்றிலும் 5 மி.மீ. தள்ளிக் கோடு ரெடி!

எம்.டி.எஃப். 9 மி.மீ. தடிமனில் இருக்கட்டும். புஷ் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அளவைவிட டெம்ப்ளேட் தடிமனாக இருந்தால்தான் ரவுட்டர் தடங்கல் இல்லாமல் நகரும். ரவுட்டரின் அடித்தட்டு ஆடாமல் உட்கார ஓட்டையைச் சுற்றி நாலு விரல்கடைக்கு மேலேயே பலகை இருக்க வேண்டும். ஜிக்சாவில் கோட்டுக்கு உள்ளேயே அறுத்துவிட்டு, மீதியை அரத்தாலும் உப்புத்தாளாலும் கோடு வரை தேயுங்கள். பொறுமை தேவைப்படுகிற இடம் இது. டெம்ப்ளேட் ஓரத்தில் சின்னப் பள்ளம் இருந்தால், மரத்திலும் அதே பள்ளம் விழும்.

மூலைகள் எப்போதும் வளைவாகத்தான் வரும். சுற்றுகிற பிட் எப்படிக் கூர்மூலை வெட்டும்? கூர்மூலை வேண்டும் என்றால் கடைசியில் உளிதான்.

கிர்ர்ர்... ஆரம்பிக்கலாமா?

தேக்கை மேஜையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, டெம்ப்ளேட்டை டபுள் சைடு டேப்பால் அதன்மேல் ஒட்டினோம். பலகையைவிட டெம்ப்ளேட் பெரிது என்பதால், சுற்றிலும் அதே 20 மி.மீ. தடிமனில் வேஸ்ட் கட்டைகளை முட்டுக்கொடுத்தோம்.

மொத்த ஆழம் 8 மி.மீ. ஒரே மூச்சில் இறங்காதீர்கள். பிட் உடையும், மரம் கருகும். மூன்று தடவையாக, தடவைக்கு 3 மி.மீ.க்கு மிகாமல் இறங்குங்கள். பள்ளத்துக்குள் ஓரமாகச் சுற்றும்போது கடிகார முள் சுற்றுகிற திசையில் நகர்த்துங்கள். அப்போதுதான் பிட் தன்னைத்தானே டெம்ப்ளேட் ஓரத்தோடு அழுத்திக்கொள்ளும். எதிர்த்திசையில் போனால் மெஷின் கையைவிட்டு ஓடப் பார்க்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசிச் சுற்று முடிந்த சந்தோஷத்தில், சுவிட்சை அணைத்து பிட் நிற்கும்வரை பொறுக்காமல் மெஷினைத் தூக்கிவிட்டேன். லேசாகச் சாய்ந்தது. அவ்வளவுதான். தண்டுப் பக்கம், பள்ளத்தின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கடி!

பட்டறையே அமைதியாகிவிட்டது. ஃபங்ஷனுக்கு இரண்டு நாள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆசாரிதான் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "வெர்னியரை வெளிய எடுக்க விரல் போக இடம் விட்டீங்களா?"

விடவில்லை. கச்சிதமாகக் குடைந்த பள்ளத்திலிருந்து பொருளை எப்படி எடுப்பது என்று ஒருத்தரும் யோசிக்கவே இல்லை! அந்தக் கடியை நடுவில் வைத்து, கட்டைவிரல் நுழைகிற அரைவட்டம் ஒன்று குடைந்தோம். எதிர்ப்பக்கம் ஆள்காட்டி விரலுக்கு இன்னொன்று. நீங்கள் இதை முதலிலேயே டெம்ப்ளேட்டில் சேர்த்துவிடுங்கள்!

மூடியில் ஒரு ட்ரிக் உண்டு. அதன் உட்புறத்திலும் பள்ளம் தேவை. ஆனால் அது கண்ணாடியில் தெரிகிற பிம்பம் மாதிரி திரும்பியிருக்க வேண்டும். புது டெம்ப்ளேட் வேண்டாம், அதே டெம்ப்ளேட்டைக் குப்புறப் போட்டால் போதும். இரண்டு பலகையையும் புத்தகம் மாதிரி பித்தளைக் கீலால் இணைத்தோம். மூடுவதற்குக் காந்தம் வைக்கலாம் என்றான் ஒருத்தன். அளக்கிற கருவி காந்தமேறினால் இரும்புத்தூள் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளுமே! அதனால் பித்தளைக் கொக்கி. 120, 180, 240 என்று வரிசையாக உப்புத்தாள். கடைசியில் மெழுகு பாலீஷ். தேக்கின் ரேகை எழுந்து வந்ததே ஒரு கலர்... அடடா!

ரவுட்டரைத் தொடும் முன்...

* பிட் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

* பிட்டின் தண்டை காலெட்டில் முழுக்க விட்டு, 2 மி.மீ. வெளியே இழுத்து இறுக்குங்கள். நுனியில் மட்டும் பிடித்திருந்தால் பறந்துவிடும்.

* கண்ணாடி, மாஸ்க், காதடைப்பான் மூன்றும் கட்டாயம். துப்பட்டா, தொளதொள சட்டைக்கை, விரித்த முடி மூன்றுக்கும் தடா.

* பிட் முழுதாக நின்ற பிறகே மெஷினைத் தூக்குங்கள். அனுபவஸ்தன் சொல்றேன்!

* முதல் தடவை, தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் ஆன் செய்யாதீர்கள்.

கடைசியா ஒண்ணு...

ஃபங்ஷன் அன்றைக்கு மேடையில் சால்வைகள் குவிந்தன. எங்கள் முறை வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தவர் எதுவும் பேசவில்லை. பேன்ட் பாக்கெட்டிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார். பிரித்து, வெர்னியரைப் பள்ளத்தில் வைத்தார். தானாக வழுக்கி உட்கார்ந்தது. விரலால் லேசாக ஆட்டிப் பார்த்தார்.

"அரை எம்.எம். விட்டிருக்கீங்க. சரிதான்."

மைக்கில் அவர் பேசியது அவ்வளவுதான். மேடையிலிருந்து இறங்கி வந்தபிறகு என்னைக் கூப்பிட்டார். கட்டைவிரலை அந்த அரைவட்டத்தில் வைத்து ஒருமுறை தடவினார்.

"இங்க கை நழுவிச்சா?"

எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை தெரியாது. ஆமாம் சார் என்று தலையாட்டினேன்.

"அண்டூ கிடையாதுன்னுதான் சொன்னேன். அதுக்கு மேல வேலை செய்யக் கூடாதுன்னு சொல்லலையே!" என்று சிரித்தார்.

உங்கள் காலேஜிலும் இந்த வருஷம் யாராவது ரிட்டயர் ஆவார்கள். ஷீல்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன், அவர்கள் எதைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்களேன்!