நீரிழிவு: இரவில் ஒளிந்து சாப்பிடுவது நாக்குச் சபலமா, மனச்சோர்வா?

காலையில் தே-ஓ கோசோங். மதியம் 2 பிஸ்கட். இரவு எல்லாரும் தூங்கியபிறகு சமையலறையில் விளக்கு எரிகிறது. மறுநாள் பார்த்தால் மீந்த புரோட்டாவைக் காணோம், ஐஸ்கிரீம் டப்பா காலி.

இரண்டாம் வகை நீரிழிவு உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் இது பழக்கமான காட்சியாக இருக்கலாம். "டாக்டர் சொல்லியும் வாயைக் கட்ட முடியலையா?" என்று கேட்டிருப்போம்.

சிங்கப்பூர் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது 2016இல். புட்டியிலும் டின்னிலும் வரும் பானங்களில் ஏ முதல் டி வரை நியூட்ரி-கிரேட் முத்திரை வந்தது 2022 இறுதியில். சர்க்கரையைப் பற்றி நமக்கு நன்றாகவே தெரியும். நோயாளியின் மனத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இருமடங்கு.

பகலில் பட்டினி, இரவில் வேட்டை

சர்க்கரை அளவு ஏறிவிடுமோ என்ற பயத்தில் சிலர் சாப்பாட்டைத் தவிர்க்கிறார்கள். பசி சேர்ந்துகொண்டே போய், இரவில் கட்டுப்பாடு உடைகிறது. இன்சுலின் போடுபவர்கள், குறிப்பிட்ட சில மாத்திரைகளை எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை திடீரென இறங்கும்: கை நடுங்கும், வியர்க்கும், கையில் கிடைப்பதைச் சாப்பிடத் தோன்றும். அது ஆசை இல்லை, உடலின் அலறல்.

பிறகு வருவது குற்றவுணர்வு. காலையில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்க்கவே பயம். மருத்துவரைப் பார்க்கும் நாளும் தள்ளிப்போகிறது. 3 மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஏறுகிறது, வீட்டில் திட்டு விழுகிறது, மறுநாள் மீண்டும் பட்டினி.

நிறுத்த நினைத்தும் முடியாமல், குறுகிய நேரத்தில் மிக அதிகமாகச் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது 3 மாதங்களுக்குத் தொடர்ந்தால், மருத்துவர்கள் அதை ஒரு நோயாகவே பார்க்கிறார்கள். ஒல்லியான இளம்பெண்களுக்கு மட்டும்தான் உணவுக் கோளாறு வரும் என்று நினைத்தால், 55 வயது மாமா கண்ணில் படவே மாட்டார்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் சிக்கல். களைப்பு, தூக்கக் கோளாறு, பசியில் மாற்றம் எல்லாம் சர்க்கரை ஏறினாலும் வரும், மனச்சோர்விலும் வரும். "சுகர்தான் காரணம்" என்று விட்டுவிடுவது சுலபம். பிடித்த எதிலும் நாட்டமில்லை, எதற்கும் நம்பிக்கையில்லை என்ற நிலை 2 வாரம் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லவேண்டும். அவர் கேட்கக்கூடிய 9 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. பசியே இல்லையா, அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறீர்களா என்பதும் அதில் ஒரு கேள்வி.

வீட்டில் என்ன செய்யலாம்? தட்டைக் கண்காணிக்கும் போலீஸ் வேலை வேண்டாம். திட்டினால் சாப்பிடுவது நிற்காது, ஒளிந்து சாப்பிடுவதுதான் கூடும். "ராத்திரி பசிக்குதா'ப்பா? பகல்ல சரியா சாப்பிடலையோ?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குக் கூடவே போங்கள். இரவில் சாப்பிடுவதை அவர் தாமாகச் சொல்லக் கூச்சப்படலாம். ஆனால் அது தெரியாமல் மருந்தின் அளவைக் கூட்டினால், அவர் பட்டினி கிடக்கும் நாளில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

பேச்சுவழிச் சிகிச்சை இரண்டுக்கும் உதவும். மனச்சோர்வுக்கான சில மருந்துகள் உடல் எடையைக் கூட்டக்கூடும் என்பதால், நீரிழிவு இருப்பதை மனநல மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

மனநல உதவிக்குத் தேசிய நேரடித் தொலைபேசி எண் 1771. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 1767.