சேற்றினுள் நிகழும் மாற்றம்

குற்றால மலைக்குக் கிழக்கே, அனுமன் நதியின் நீர் பாய்ந்து நெல் விளையும் இவ்வாய்க்குடிப் பகுதியில் நிற்பவர்கள், நடவுக்கு முன் கொழிஞ்சித் தழையையும் தக்கைப்பூண்டையும் சேற்றில் மிதித்து அழுத்திய நம் உழவர்களின் பழைய வழக்கத்தைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தழை அழுகுவது நாசமன்று. பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதன் புரதத்தைச் சிதைத்து, அதில் அடைபட்டிருந்த நைட்ரஜனை அம்மோனியமாக விடுவிக்க, அதனையே நெற்பயிர் தன் வேரால் உறிஞ்சிக்கொள்கிறது.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் இருந்தும், பயிர் அதனை நேரே உண்ண இயலாது. தக்கைப்பூண்டின் வேர்முடிச்சுகளில் வாசம் செய்யும் ரைசோபியமும், தேங்கிய நீரில் படரும் நீலப்பச்சைப் பாசியும் அதைப் பயிருக்கேற்ற உணவாக்குகின்றன. நெல்வயலின் இயற்கை வளத்திற்கு இப்பாசி பிரதான காரணம் என்று 1939இல் எடுத்துக்காட்டியவர் நம் நாட்டு விஞ்ஞானி பி. கே. டே என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

பிராணவாயு எட்டுகின்ற, சில மில்லிமீட்டர் கனமே உள்ள சேற்றின் மேற்படலத்தில், நைட்ரோசோமோனாஸ் முதலிய நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரைட்டாக்க, வேறொரு வகை அதை நைட்ரேட்டாக்குகிறது. அந்த நைட்ரேட்டோ, பிராணவாயு அற்ற அடிச்சேற்றுக்குள் இறங்கியதும், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைக்கொண்டே சுவாசித்து, மீண்டும் நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்கு அனுப்பிவிடுகின்றன. நீர்மேல் தூவிய யூரியாவில் கணிசமான பங்கு பயிரைச் சேராமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மட்கும் தழை தன் சத்தை மெல்லமெல்லவே கொடுக்கிறது.