குறைந்த தண்டனையும் மேன்முறையீடும்

ஒருவன் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டதும் வழக்கு முடிந்துவிட்டது என்று கருதுவது மக்கள் இயல்பு. உண்மையில் நீதிபதியின் அரிய பணி அதன் பின்னரே தொடங்குகின்றது. எத்துணைத் தண்டனை தகும் என்பதைச் சட்டப் புத்தகம் முற்றாகச் சொல்லிவிடுவதில்லை. அஃது உச்ச எல்லையைக் குறித்துவிட்டு, எஞ்சியதை நீதிபதியின் உளச்சான்றுக்கு விட்டுவிடுகின்றது. அவ்வுளச்சான்று கடுமையின் பக்கம் தவறினால் எதிரி மேன்முறையீடு செய்வான். மென்மையின் பக்கம் தவறினால் முறையிடுவோர் யாவர்?

மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்வோர் தண்டனையின் கடுமையை நன்கு அறிந்தவர்கள். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் சட்டத்தின்கீழ், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி சிறை செல்ல நேர்ந்தது. கூலி உடன்படிக்கையை மீறுவது குடியியல் வழக்குக்குரிய பொருளேயன்றிக் குற்றமன்று என்ற எளிய உண்மை ஏற்கப்பட 1920களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்று நீதிமன்றப் படியேறுவது எதிரிகளாக மட்டுமன்று, முறைப்பாட்டாளராகவும் ஆம்.

பசறைப் பகுதித் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி கத்தி வெட்டுக்கு ஆளானாள் என வைத்துக்கொள்வோம். பதுளை மேல் நீதிமன்றத்தில் எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்கின்றான். நீதிபதி இரண்டாண்டுச் சிறை விதித்து, அதனையும் ஒத்திவைக்கின்றார். எதிரி அன்று மாலையே வீடு திரும்புகின்றான். பெரும்பாலும் அதே லயத்துக்கு. அப்பெண் மேன்முறையீடு செய்யலாமோ எனின், இயலாது. அவள் வழக்கின் தரப்பினள் அல்லள், சாட்சியே ஆவாள். தண்டனை போதாது என மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடும் உரிமை சட்டமா அதிபருக்கே உண்டு. அதற்குரிய காலம் 14 நாட்கள்.

அக்காலம் கழிந்த பின்னரும் ஒரு வாயில் அடைபடுவதில்லை. அதுவே மீளாய்வு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 145ஆம் உறுப்புரை, எவரேனும் விண்ணப்பித்தோ தானாகவோ, கீழ் நீதிமன்றப் பதிவேட்டை அழைப்பித்து ஆராயும் அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அளிக்கின்றது. ஆயினும் இஃது உரிமையன்று. நீதிமன்றத்தின் விருப்புரிமையைச் சார்ந்தது. விதிவிலக்கான சூழ்நிலையைக் காட்ட வேண்டும். தாமதத்துக்கும் காரணம் கூற வேண்டும்.

மேல் மன்றம் எப்போது தலையிடும்? "நானாயின் இன்னும் ஓராண்டு விதித்திருப்பேன்" என்பது போதிய காரணமாகாது. கோட்பாட்டிற் பிழை இருத்தல் வேண்டும்; அன்றேல் தண்டனை வெளிப்படையாகவே போதாததாய் இருத்தல் வேண்டும். இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுவது, புதிய சட்ட அறிக்கைகளின் 57ஆம் தொகுதியில் வெளிவந்த சட்டமா அதிபர் எதிர் எச். என். டி சில்வா வழக்காகும். பிரதம நீதியரசராக விளங்கிய பஸ்நாயக்க அவர்கள், தண்டனையைக் குற்றவாளியின் நிலையிலிருந்து மட்டுமன்றிப் பொதுமக்களின் நிலையிலிருந்தும் நோக்க வேண்டும் என அதில் வற்புறுத்தினார். முன்னதை மட்டும் நோக்கும் போக்கு நீதிபதிகளிடம் மிகுந்துள்ளது என்றும் கடிந்துரைத்தார்.

இங்கிலாந்தின் வரலாறு சற்று விந்தையானது. எதிரி தன் தண்டனையை எதிர்த்து முறையிட்டால், அதனைக் கூட்டும் அதிகாரம் 1966ஆம் ஆண்டு வரை அங்கு மேன்முறையீட்டு மன்றத்துக்கு இருந்தது. அதனை நீக்கியவர்களே, 1988இல், மிகக் குறைந்த தண்டனைகளைச் சட்டமா அதிபர் மேல் மன்றத்துக்கு அனுப்ப வழி செய்தனர். இந்தியா 1973ஆம் ஆண்டுச் சட்டக்கோவையில் அரசுக்கு இவ்வுரிமையைத் தந்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி நீதிமன்றங்களில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் வழக்குத் தொடுப்போர் இவ்வுரிமை பெற்றனர். எனினும் 2007இல் கால் என்பவரின் வழக்கில், சிறையின்றி நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும் விதித்த நீதிபதியின் முடிவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. இலங்கையிலோ, தண்டனையைக் குறைக்குமாறு வருபவன் கூடிய தண்டனையோடு திரும்பும் நிலை 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 335ஆம் பிரிவால் இன்றும் உண்டு.

மென்மை யாவும் பிழையென்று கொள்ளலாகாது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் சில பாலியற் குற்றங்களுக்குக் கட்டாயக் குறைந்தபட்சச் சிறையை விதித்தது. அநுராதபுர மேல் நீதிமன்றம் அனுப்பிய வினாவுக்கு 2008இல் விடையளித்த உயர் நீதிமன்றம், அவ்வெல்லை நீதிபதியின் கையைக் கட்டாது எனத் தீர்த்தது. வழக்குகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை. ஆதலின் அத்தீர்ப்பு சாலச் சரியே.

ஆனால் கை கட்டப்படாத நீதிபதி காரணம் கூறக் கடமைப்பட்டவர். சிறையை ஒத்திவைப்பவர் அதற்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என 303ஆம் பிரிவு விதிக்கின்றது. குற்றத்தின் பாரதூரமும், பாதிக்கப்பட்டவருக்கு நேர்ந்த காயமும் இழப்பும் அங்கு எடைபோடப்படல் வேண்டும். இவ்விதி வெறும் சடங்கன்று. காரணம் எழுதப்படாவிடின் மேல் மன்றம் எதனை ஆராயும்?

பாதிக்கப்பட்டவர் தம் உடலுக்கும் உள்ளத்துக்கும் தொழிலுக்கும் நேர்ந்ததைத் தண்டனைக்கு முன்னரே மன்றில் எடுத்துரைக்க 2015ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. அதற்குப் பதிலாக 2023இல் வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. கொழுந்து பறிக்கும் கையில் வெட்டு விழுந்தால் நாட்சம்பளம் என்னாகும் என்பதை அப்பெண்ணைத் தவிர வேறெவர் சொல்ல வல்லார்? அதனை அவள் தமிழிற் கூறலாம். மொழிபெயர்ப்பாளர் அதனைப் பதிவேட்டுக்குக் கொண்டுசேர்ப்பார். கூறப்படாதது பதிவேட்டில் ஏறாது. கொழும்பு புதுக்கடையில் அமர்ந்திருக்கும் நீதியரசர்கள் காண்பது அப்பதிவேட்டை மட்டுமே.