கணிதத்தில் பெயில், ஜி.பி.ஏ. மட்டும் ஏறுது! என்ஜினீயரிங் மார்க் ஷீட் கணக்கு இதுதான்

ஆரம்பாக்கம்:-

நாலு கிரெடிட் கணிதத் தாளில் மாணவர் பெயில். ஆனால் அவருடைய ஜி.பி.ஏ. 8.27-ல் நிற்க வேண்டியது 8.56 ஆக ஏறி நிற்கிறது. கேட்டால் நம்ப முடியாது. ஆனால் அண்ணா பல்கலைக்கழகக் கணக்கில் இது சகஜமாக நடக்கக் கூடியதுதான். "நமக்குத்தான் 8.5 தாண்டிடுச்சே, டிஸ்டிங்ஷன் உறுதி" என்று அந்த மாணவர் நிம்மதியாக இருப்பார். உண்மையில் அந்த வாய்ப்பு பெயிலான அன்றைக்கே போய்விட்டது.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் இருக்கிறது ஆரம்பாக்கம். ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஆந்திர எல்லையைத் தாண்டினால் தடா, ஸ்ரீசிட்டி. வேலைக்கு மனு போடும் பிள்ளைகளிடம் கம்பெனிகள் முதலில் கேட்பது ரெண்டே கேள்விதான். சி.ஜி.பி.ஏ. எவ்வளவு? அரியர் இருக்கா? ரெண்டுக்கும் பதில் சொல்ல, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மார்க் எழுத்தாக மாறும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ம் ஆண்டு விதிமுறைப்படி, இணைப்புக் கல்லூரிகளில் எழுத்துத் தேர்வுத் தாளுக்கு கல்லூரி உள்மதிப்பீடு 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. லேப் என்றால் இது தலைகீழ். உள்மதிப்பீடு 60, தேர்வு 40. ரெண்டும் சேர்த்து 50 எடுத்தால் பாஸ். அதிலும் பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வாங்கியாக வேண்டும். இன்டர்னலில் அள்ளிக் கொடுத்தாலும் தேர்வில் கோட்டை விட்டால் பெயில்தான்.

இந்த மார்க் அப்படியே மார்க் ஷீட்டில் வராது. எழுத்தாக மாறும். 91 முதல் 100 வரை 'ஓ', அதற்கு 10 புள்ளி. 81 முதல் 90 வரை 'ஏ பிளஸ்', 9 புள்ளி. 71 முதல் 80 வரை 'ஏ', 8 புள்ளி. 61 முதல் 70 வரை 'பி பிளஸ்', 7 புள்ளி. 56 முதல் 60 வரை 'பி', 6 புள்ளி. 50 முதல் 55 வரை 'சி', 5 புள்ளி. பெயிலானால் 'யூ'.

ஆக, 81 எடுத்தவருக்கும் 90 எடுத்தவருக்கும் அதே 9 புள்ளி. 80 எடுத்தவருக்கு 8 தான். ஒரே ஒரு மார்க்கில் ஒரு முழுப் புள்ளி போய்விடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. மேலே சொன்ன பட்டியல் 30 பேர் அல்லது அதற்குக் குறைவானவர்கள் எழுதும் தாளுக்குத்தான் அப்படியே பொருந்தும். 30 பேருக்கு மேல் இருந்தால், பாஸான எல்லோருடைய மார்க்கையும் கம்ப்யூட்டரில் போட்டு, அந்தத் தாளுக்கென்று தனி எல்லை வகுக்கிறார்கள். கஷ்டமான தாளில் எல்லை இறங்கலாம், எல்லோரும் அள்ளிய தாளில் ஏறலாம். "நான் 82 எடுத்திருப்பேன், ஏன் ஏ பிளஸ் வரல?" என்று குழம்புகிறவர்களுக்கு பதில் இதில்தான் இருக்கிறது.

கிரெடிட்தான் எடைக்கல்

எல்லாத் தாளும் ஒரே எடை கிடையாது. வாரத்துக்கு ஒரு பீரியடு பாடம் நடந்தால் 1 கிரெடிட். லேப் என்றால் 2 பீரியடுக்கு 1 கிரெடிட். ஒவ்வொரு தாளின் கிரெடிட்டையும் அதில் கிடைத்த புள்ளியால் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் வருவதுதான் அந்த செமஸ்டரின் ஜி.பி.ஏ.

முதல் செமஸ்டரையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவர் ஆங்கிலம் (3 கிரெடிட்) 'ஏ', கணிதம் (4) 'பி பிளஸ்', இயற்பியல் (3) 'ஏ', வேதியியல் (3) 'பி பிளஸ்', பைத்தான் (3) 'ஏ பிளஸ்', தமிழர் மரபு (1) 'ஓ' வாங்குகிறார். லேப்களில் பைத்தான் (2) 'ஓ', இயற்பியல்-வேதியியல் (2) 'ஏ பிளஸ்', ஆங்கிலம் (1) 'ஓ'.

பெருக்கினால் வரிசையாக 24, 28, 24, 21, 27, 10, 20, 18, 10. கூட்டினால் 182. மொத்த கிரெடிட் 22. வகுத்தால் 8.27.

பெயிலானால் ஏன் ஏறுது?

இப்போது அதே மாணவர் கணிதத்தில் மட்டும் பெயில் என்று வைத்துக்கொள்வோம். பலர் நினைப்பது போல அங்கே பூஜ்யம் போட்டு 22-ஆல் வகுப்பதில்லை. பாஸான தாள்கள் மட்டும்தான் கணக்கில் வரும். கணிதத்தின் 28 புள்ளியும் போகும், 4 கிரெடிட்டும் போகும். மிச்சம் 154. அதை 18-ஆல் வகுத்தால் 8.56!

எடை அதிகமான தாள், அவருடைய குறைந்த புள்ளியும் அதில்தான். அது கணக்கை விட்டுப் போனதால் சராசரி ஏறிவிட்டது. இது உண்மையான ஏற்றம் இல்லை, தள்ளிப் போட்ட கடன். அடுத்த முறை எழுதி 'சி' வாங்கி பாஸானால் 20 புள்ளி சேரும். 174-ஐ 22-ஆல் வகுத்தால் 7.91. எட்டுக்கும் கீழே!

அதோடு முடியவில்லை. முதல் வகுப்பு டிஸ்டிங்ஷனுக்கு சி.ஜி.பி.ஏ. 8.50 மட்டும் போதாது. எல்லாத் தாளையும் முதல் முயற்சியிலேயே முடித்திருக்க வேண்டும். சாதா முதல் வகுப்புக்கு 6.50 வேண்டும். அரியர் வைத்திருந்தாலும் 5 வருடத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தால் முதல் வகுப்பு உண்டு.

பரீட்சைக்குப் போகாமல் இருந்தால் முயற்சி கணக்கில் வராது என்று சிலர் நினைப்பதும் தப்பு. பதிவு செய்துவிட்டு வராமல் போனால் எழுதியதாகவே கணக்கு. உடம்பு சரியில்லை போன்ற நியாயமான காரணம் இருந்தால், முறைப்படி கல்லூரி வழியாக 'வித்டிராயல்' வாங்க வேண்டும். அது முயற்சியாக எண்ணப்படாது. ஆனால் படிப்பு முழுக்க ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும்.

சி.ஜி.பி.ஏ.வில் நடக்கும் தப்பு

எட்டு ஜி.பி.ஏ.வையும் கூட்டி 8-ஆல் வகுத்தால் சி.ஜி.பி.ஏ. வராது. ஒரு செமஸ்டரில் 22 கிரெடிட்டுக்கு 8.27, புராஜெக்ட் செமஸ்டரில் 10 கிரெடிட்டுக்கு 9.00 என்றால், சும்மா சராசரி போட்டால் 8.64 வரும். சரியான கணக்கு, 182-உடன் 90 சேர்த்து 32-ஆல் வகுப்பது. அப்போது 8.50 தான். கிரெடிட் குறைந்த கடைசி செமஸ்டர் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்திவிடும் என்று நம்பக்கூடாது.

சதவீதம் கேட்டால்?

"60 சதவீதம் இருக்கா?" என்று கேட்கும் இடத்தில்தான் அடுத்த சிக்கல். பத்தால் பெருக்கினால் 6.50 என்பது 65 சதவீதம். ஆனால் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏ.ஐ.சி.டி.இ. வெளியிட்ட பட்டியலில் 6.25 என்பது 55 சதவீதம், 6.75 என்பது 60 சதவீதம். அந்த வழியில் 6.50-க்கு 57.5 தான். முதல் வகுப்பு சர்டிபிகேட் கையில் இருந்தும் 60-க்குக் கீழே! மனு வாங்கும் இடம் எந்தக் கணக்கைக் கேட்கிறது என்று பார்த்துத்தான் எண்ணைப் போட வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் சரிவராது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கலை, அறிவியல் படிப்புகளில் பாஸ் மார்க் 40. அங்கே மார்க்கைப் பத்தால் வகுத்தாலே புள்ளி. 81 எடுத்தால் 8.1, 90 எடுத்தால் 9.0. அண்ணா பல்கலைக்கழகத்தில் 'ஏ பிளஸ்' எல்லை 81 முதல் 90 வரை இருக்கும் தாளில் ரெண்டுமே 9. ஆக இரண்டு பேரின் 8.2-ம் ஒரே மார்க் அல்ல. கவரப்பேட்டை, புதுவாயல் பக்கத்தில் உள்ள தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு அவரவர் விதிமுறை தனி.

பெற்றோர் என்ன பார்க்கணும்?

மார்க் ஷீட் வந்ததும் ஜி.பி.ஏ.வைப் பார்ப்பதற்கு முன்னால் 'யூ' என்ற எழுத்து எங்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த ஜி.பி.ஏ. முழு செமஸ்டரின் எண் அல்ல. அந்தத் தாளின் கிரெடிட் எத்தனை என்று பார்த்தால், பாஸான பிறகு சராசரி எவ்வளவு இறங்கும் என்று வீட்டிலேயே பேப்பரில் போட்டுப் பார்த்துவிடலாம். விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு வேண்டும் என்றால் கெடு தேதிக்குள் கல்லூரி மூலமாக மனு கொடுக்க வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.